செவிலியர் ஒருவர் உண்டு

12 ஜனவரி

என் செல்ல மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். நானும் உன் அத்தையும் இங்கே கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு அப்படியே இருக்க வேண்டும்.

நீ நர்ஸ் பரீட்சையில் தேறிவிட்டதாக உன் அம்மா எழுதியிருந்தாள். கடிதத்தை ஊர் அலுவலக வாசலில் நின்று சத்தமாகப் படித்தேன். எழுத்தர் வேலையில் இத்தனை வருஷத்தில் நான் படித்த நல்ல காகிதம் அது ஒன்றுதான். கேட்காமல் விட்டவர்களுக்கு வீடு தேடிப் போய்ப் படித்தேன். முடி திருத்துபவர் பாதிச் சவரத்தில் எழுந்து வந்து கைகொடுத்தார். சவரத்துக்கு வந்தவர் மிச்சக் கன்னத்தோடு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

மே மாதம் உங்களையெல்லாம் கூப்பிட்டு எந்த ஊர் வேண்டும் என்று கேட்பார்களாமே? யோசிக்கவே யோசிக்காதே. நம் ஊரைக் கேள். சுகாதார நிலையம் கட்டி ஏழு வருஷம் ஆகிறது. நர்ஸ் வேண்டும் என்று நானும் ஒன்பது மனு அனுப்பிவிட்டேன். கிணற்றில் போட்ட கல்தான்.

வசதியைப் பற்றிக் கவலையே வேண்டாம். பஸ் இருக்கிறது. போன் இருக்கிறது. குளியலறை இருக்கிறது. சைக்கிள் கடைக்காரர் உன்னை விசாரித்தார். நாற்பத்தெட்டு வயசாகியும் கட்டைப் பிரம்மச்சாரி. அதனாலோ என்னவோ மனுஷன் முகம் பளபளவென்று இருக்கிறது.

உடனே பதில் போடு. நம் தபால்காரருக்கு ஊரில் 'அவசரம்' என்று பெயர். வாரத்துக்கு ஒரு தடவை வருவார்.

உன் வரவை எதிர்பார்க்கும்
மாமா

29 ஜனவரி

அன்பு மாமாவுக்கும் அத்தைக்கும்,

மருமகளின் வணக்கம். நான் நலம். நாள் முழுக்க நின்று நின்று கால் மட்டும் நலமில்லை.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "உன் மாமன் இருக்குன்னு சொன்னா, எங்க இருக்கு, எப்படி இருக்கு, எவ்வளவு இருக்குன்னு மூணு கேள்வி கேக்கணும்டி" என்றாள். "சின்ன வயசுல, 'அக்கா, கிணத்துல தண்ணி இருக்கு'ன்னான். நம்பிக் குடத்தோட இறங்கினேன். இருந்துச்சு. கணுக்கால் நனையற அளவுக்கு."

ஆகவே கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. பஸ் எந்த இடம் வரை வரும்? போனில் பேசினால் எதிரில் இருப்பவருக்குக் கேட்குமா? சுகாதார நிலையத்துக்குள் இப்போது என்ன இருக்கிறது? முக்கியமாக, குளியலறைக்குக் கதவு உண்டா?

இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் என்னை வைத்துக்கொள்வதாக மேட்ரன் சொல்லியிருக்கிறார். லிஃப்ட், விடுதி, குழாயைத் திறந்தால் வெந்நீர். அதையெல்லாம் வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் எனக்கு உண்மை தெரிந்தாக வேண்டும்.

அத்தைக்குப் போன தடவை இருந்த தலைவலி தேவலையா?

கேள்விகளுடன்
உங்கள் மருமகள்

20 பிப்ரவரி

கேள்வியின் நாயகியே,

மாமாவின் ஆசி. எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. அலுவலகத்தில் வேலை மூச்சு முட்டியதால் தாமதம். (அப்படி ஒரு வேலையும் இல்லை என்று உன் அத்தை பின்னாலிருந்து சொல்கிறாள். நீ கண்டுகொள்ளாதே.)

பஸ், பாலம் வரை வருகிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம். நம் ஊர் இந்தப் பக்கம். நடுவில் இரண்டு மைல். அதைத் தூரம் என்று சொல்கிறவன் சோம்பேறி. போனுக்கு, தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால் கணீரென்று கேட்கும். எதிரில் இருப்பவருக்கு மட்டுமல்ல, ஊருக்கே கேட்கும். போன மாதம் வாத்தியார் மேலே நின்று மாமியாரைப் பற்றிப் பேசியதற்குக் கீழே தெருவே கைதட்டியது. சுகாதார நிலையம் சும்மா கிடந்தால் பாழாகிவிடும் என்று முடி திருத்துபவர் உள்ளே கடை போட்டிருக்கிறார். சுழலும் நாற்காலி, ஆளுயரக் கண்ணாடி. உன் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறதா இதெல்லாம்? குளியலறைக்குக் கதவு இருக்கிறது. தேக்கு.

இன்னொரு விஷயம். நம் சைக்கிள் கடைக்காரர் கேட்கச் சொன்னார். அவர் மனைவிக்குக் காலையில் எழுந்தால் வாந்தி. வயசு முப்பத்தொன்பது. இதற்கு முன்னால் இரண்டு தடவை தங்கவில்லை. என்ன சாப்பிடலாம், எதைத் தூக்கக் கூடாது, மாடிப்படி ஏறலாமா என்று விவரமாக எழுது. பாவம், மனுஷன் ரொம்பக் கவலைப்படுகிறார்.

பொய் சொல்லத் தெரியாத
மாமா

அத்தை எழுதுறேன் கண்ணு. கதவு இருக்கு, சுவத்துல சாத்தி வச்சிருக்கு. கீல் இல்ல. ஊருக்கே பொதுக் குளியலறை, உள்ள போறவங்க ஆள் இருக்குன்னு தெரிய பாடிக்கிட்டே இருக்கணும். உன் மாமாவுக்குப் பாட்டு வராது, அதனால செய்தி வாசிப்பார்.

6 மார்ச்

அன்பு மாமா,

நலம், நலமே விழைகிறேன். குளியலறைச் செய்தியை விடுதியில் படித்தேன். என் அறைத்தோழி சிரித்து அவளுக்கு விக்கல் நிற்கவில்லை.

சைக்கிள் கடைக்காரரின் மனைவிக்கான விவரங்களைத் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இரும்புச் சத்து மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போட வேண்டும். குடம், வாளி எதையும் தூக்கக் கூடாது. மாதம் ஒரு முறை டாக்டரிடம் கட்டாயம் காட்ட வேண்டும். முன்பு இரண்டு தடவை தங்காததால் இந்தத் தடவை யாரும் அலட்சியமாக இருக்கக் கூடாது. இதைச் சைக்கிள் கடைக்காரர் தலையில் அடித்துச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு சந்தேகம். ஜனவரியில் கட்டைப் பிரம்மச்சாரியாக இருந்தவருக்கு பிப்ரவரியில் ஏது மனைவி? அதுவும் ஏற்கனவே இரண்டு தடவை?

மாமா, அத்தை எப்படி இருக்கிறாள்?

மருமகள்

27 மார்ச்

அன்பு மருமகளுக்கு,

நாங்கள் நலம். இங்கே வெயில் ஜாஸ்தி.

சைக்கிள் கடைக்காரருக்குத் திடீரென்று கல்யாணம் ஆகிவிட்டது. சொல்ல மறந்துவிட்டேன்.

வேறு விசேஷம் இல்லை.

மாமா

இந்த மனுசனை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? எனக்குத்தான் கண்ணு. நாலாம் மாசம். கல்யாணமாகிப் பதினேழு வருஷம் கழிச்சு வெளிய சொல்ல இவருக்கு வெட்கம். நீ அனுப்பின தாளைக் கண்ணாடி மேல ஒட்டி வச்சு, தலை சீவும்போதெல்லாம் படிக்கிறார். நேத்து ஒரு சொம்புத் தண்ணி எடுத்தேன், ஓடி வந்து பிடுங்கிட்டார். எனக்கு உள்ளுக்குள்ள பயமா இருக்கு. போன தடவை வலி வந்து வண்டி கட்டிக் கிளம்பினோம், பாலத்துக்கு இந்தப் பக்கமே எல்லாம் முடிஞ்சு போச்சு. அதை நான் மறந்தாலும் என் உடம்பு மறக்கல. செப்டம்பர் முதல் வாரம்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க.

10 ஏப்ரல்

என் அத்தைக்கும், வெட்கப்பட்ட மாமாவுக்கும்,

ஆயிரம் முத்தம். கடிதத்தை வார்டில் படித்து அழுதேன். நோயாளி ஒருவர் எழுந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

மேட்ரனிடம் சொல்லிவிட்டேன், எனக்கு இந்த ஆஸ்பத்திரி வேண்டாம். மே மாதம் நம் ஊரைக் கேட்கப் போகிறேன். கேட்பதற்கு யாருமே இல்லாத ஊர். போட்டி என்ன இருக்கப் போகிறது? ஜூலைக்குள் வந்துவிடுவேன். அத்தை, இனிமேல் பாலத்தைப் பற்றி யோசிக்காதே. பாலத்துக்கு இந்தப் பக்கம் நான் இருப்பேன்.

மாமா, கீல் வாங்குங்கள். எனக்கும் பாட்டு வராது.

உங்கள்
மருமகள்

16 மே

அன்பு மாமா,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? அத்தைக்குக் கால் வீக்கம் இருந்தால் தலையணை மேல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்று ஊர் தேர்ந்தெடுக்கப் போனேன். காலியிடப் பட்டியலில் நம் ஊர் இல்லை. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே நான்கு தடவை பார்த்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாளிடம் கேட்டால், பெரிய பேரேட்டைத் திறந்து விரலை வைத்துக் காட்டுகிறார்.

"அந்த ஊருக்கு ஏற்கனவே நர்ஸ் இருக்காங்களேம்மா. மூணு வருஷமா இருக்காங்க. இதோ பாரு, 'செவிலியர்: ஒருவர் உண்டு.' உங்க ஊர் அலுவலகத்துல இருந்து வந்த படிவம்தான்."

யார் மாமா அந்த நர்ஸ்? ஊருக்குள் ஒருத்தி மூன்று வருஷமாக இருந்தால், அத்தை என்ன சாப்பிடலாம் என்று நீங்கள் எதற்காக என்னிடம் கேட்டு எழுத வேண்டும்? இப்போதைக்கு ஊர் எதையும் எடுக்காமல், ஜூன் கடைசிவரை அவகாசம் வாங்கி வந்திருக்கிறேன். அதற்குள் பதில் வேண்டும். ஒரு தடவை வேறு ஊரைக் கேட்டுவிட்டால் கேட்டதுதான். பிறகு மாற்ற முடியாது.

குழப்பத்துடன்
மருமகள்

14 ஜூன்

கண்ணு,

அத்தை எழுதுறேன். எனக்கு எழுத்து நடையெல்லாம் வராது, பேசற மாதிரியே எழுதறேன். உன் கடிதம் வந்து மூணு வாரமாச்சு. உன் மாமா அதை மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு ஊமையா உக்காந்திருக்கார். குளிக்கும்போது செய்திகூட வாசிக்கறதில்ல. அதனால ரெண்டு பேர் தெரியாம உள்ள போயிட்டாங்க.

அந்த நர்ஸ் நீதான்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி அரசாங்கத்துல இருந்து படிவம் வந்துச்சு. ஊர்ல என்னென்ன வசதி, 'உண்டு இல்லை'ன்னு எழுதணும். பக்கத்து ஊர் எழுத்தர் எதிர்ல உக்காந்து எழுதறான், அவன் ஊருக்கு எல்லாமே உண்டு உண்டுன்னு போட்டுக்கிட்டே போறான். இவருக்கு ரோஷம் தாங்குமா? பஸ் உண்டு. போன் உண்டு. நூலகம் உண்டு. அதுல ஒரு அலமாரி, அதுக்குள்ள ஒரு எலி. செவிலியர்னு ஒரு கட்டம் வந்துச்சாம். அன்னைக்குத்தான் நீ நர்ஸ் படிப்புல சேர்ந்துட்டன்னு உங்க அம்மா கடிதம் வந்திருந்துச்சு. 'எங்க வீட்டுலயே ஒருத்தி இருக்கா'ன்னு சொல்லி, 'ஒருவர் உண்டு'ன்னு எழுதிட்டார். பெருமையில எழுதினது கண்ணு, கெட்ட எண்ணத்துல இல்ல. ஒன்பது மனுவுக்கும் ஏன் பதில் வரலன்னு இப்பத்தான் புரியுது. நர்ஸ் உண்டுன்னு எழுதினதும் இவர், நர்ஸ் வேணும்னு எழுதினதும் இவர். மேல இருக்கறவன் எதை நம்புவான்?

இன்னொண்ணும் சொல்லணும். அந்தப் படிவத்துல ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் இருக்கும். எங்க வீட்டுப் பக்கத்துல 'குழந்தைகள்'னு ஒரு கட்டம். அந்தப் படிவம் முழுக்க மனுசன் 'இல்லை'ன்னு எழுதின ஒரே இடம் அதுதான். பேனாவை அழுத்தின அழுத்துல தாள் கிழிஞ்சிருந்துச்சு. நான் பார்த்தேன், பார்த்த மாதிரிக் காட்டிக்கல.

அவர் மேல கோபப்படாத. எனக்கு ஆறு மாசம் முடிஞ்சுது. உதைக்குது.

உன் அத்தை

தப்பு என்னுடையது. ஜூன் முடிவதற்குள் நீ பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடு. நீயாவது நன்றாக இரு.
மாமா

26 ஜூன்

என் தப்பு மாமாவுக்கு,

நான் நலம். நீங்கள் இப்படி எழுதியதைப் பார்த்ததும்தான் பயந்துபோனேன். "பிள்ளைப் பூச்சிக்குக் கொடுக்கு முளைச்ச மாதிரி, இவன் எப்படி இப்படியெல்லாம் எழுதறான்?" என்று அம்மாவும் பதறிவிட்டாள்.

தப்பைச் சரிசெய்ய ஒரே வழிதான் தெரிந்தது. நேரே பெரிய அதிகாரியின் அறைக்குப் போய் ஒரு மனு கொடுத்தேன். அதை அப்படியே எழுதுகிறேன்:

'ஐயா, மேற்படி ஊரில் மூன்று ஆண்டுகளாக ஒரு செவிலியர் இருப்பதாகத் தங்கள் பேரேடு கூறுகிறது. அது நான்தான். ஆனால் என்னை இதுவரை யாரும் அந்த ஊருக்கு அனுப்பவில்லை. பேரேட்டில் இருக்கிற என்னைத் தயவுசெய்து ஊரிலும் இருக்கச் செய்ய வேண்டுகிறேன். அந்த ஊரில் ஒரு குழந்தை செப்டம்பரில் பிறக்க இருக்கிறது. அதற்குப் படிவம் நிரப்பத் தெரியாது.'

அவர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். உங்களைப் பற்றிக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், குளியலறைச் செய்திகள் உட்பட. சிரித்து முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "மூணு வருஷமா உங்க மேல ஒரு புகார்கூட வரலம்மா. நேர்ல போன பிறகும் இப்படியே இருங்க" என்றார்.

ஜூலை பத்தாம் தேதி வருகிறேன். முடி திருத்துபவரை வாசல் பக்கம் மாறச் சொல்லுங்கள். நாற்காலியை எடுக்க வேண்டாம், எனக்கு அது வேண்டும்.

பேரேட்டில் உள்ளபடி,
தங்கள் ஊர்ச் செவிலியர்

30 ஆகஸ்ட்

அன்பு மாமா,

முதலில் உட்காருங்கள். உட்கார்ந்துவிட்டீர்களா? எல்லோரும் நலம். எல்லோரும் என்று எழுதுவதில் இன்று ஒரு ஆள் கூடுதல்.

புதிய கணக்கெடுப்புப் படிவங்களை ஒப்படைக்க ஐந்து நாள் தலைநகரில் இருக்க வேண்டும் என்று கூப்பிட்டபோது, "நான் போகல, பிரசவம் கிட்ட வருது" என்று தூணைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நாள் இருக்கிறது என்று நானும் அத்தையும்தான் தள்ளி அனுப்பினோம். நீங்கள் பஸ் ஏறிய மறுநாளே மழை கொட்டிப் பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடியது. நேற்றுக் காலை அத்தை நிலையத்துக்கு வந்து, "பயப்படாத கண்ணு, எனக்கு வலி வந்திருக்கு" என்றாள். எனக்குத்தான் தைரியம் சொன்னாள்.

ஆம்புலன்ஸ் வந்து அந்தக் கரையில் நின்றது. மாமா, எனக்குப் படித்ததெல்லாம் ஒரு நிமிஷம் மறந்தே போனது. அப்போது சைக்கிள் கடைக்காரர் யாரையும் கேட்காமல் என் போனை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிவிட்டார். போனின் மறுமுனையில் என் மேட்ரன். அவர் சொல்லச் சொல்ல, இவர் மேலிருந்து கத்தினார். "மூச்சை இழுக்கச் சொல்றாங்க!" என்றால் தெருவில் நின்றவர்களெல்லாம் மூச்சை இழுத்தார்கள். "இப்ப முக்கச் சொல்றாங்க!" என்றதும் வாத்தியார் முக்கியதை நானே கண்ணால் பார்த்தேன். முடி திருத்துபவர் வாசலில் வெந்நீரை அண்டா அண்டாவாகக் கொதிக்க வைத்தார். குழாயில்தான் வரவில்லை, ஆனால் நம் ஊரில் வெந்நீர் உண்டு மாமா.

பகல் பன்னிரண்டே முக்காலுக்குப் பெண் குழந்தை. மூன்று கிலோ, உங்கள் கணக்கு இல்லை, என் தராசு. பாலத்துக்கு இந்தப் பக்கமே பிறந்தாள். அத்தை அவளை மார்பில் போட்டுக்கொண்டு, "இந்தப் பக்கமே, இந்தப் பக்கமே" என்று வெகுநேரம் அழுதாள். நானும்தான்.

உடனே உங்களைக் கூப்பிட நானே தொட்டி மேல் ஏறினேன். உங்கள் போன் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்று கீழேயிருந்து அத்தை சொல்லி அனுப்பினாள். 'போன் உண்டு' என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அதனால் இந்தக் கடிதம். சுற்றுவழியாகப் போய்ப் பஸ் பிடித்து உங்கள் கையில் கொடுப்பதாக 'அவசரம்' பெயருக்கேற்ற மாதிரி ஓடுகிறார்.

ஒரு வேலை. வரப்போகிற நர்ஸை அன்று முன்கூட்டியே எழுதியவர், சூடு கண்ட பூனையாகி இந்தத் தடவை எல்லாவற்றுக்கும் உண்மையை எழுதினீர்களாம். வரப்போகிற குழந்தையை எழுதப் பயந்து, நம் வீட்டுப் பக்கத்தில் மறுபடியும் 'இல்லை' என்றே போட்டீர்களாம். அத்தை பார்த்திருக்கிறாள்.

படிவம் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறதா? அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

மருமகள்

1 செப்டம்பர்

என் குலதெய்வமே,

மூன்று பேருக்கும் என் ஆசி. மூன்று பேருக்கும் என்று எழுதிவிட்டு இந்த வரியையே பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

'அவசரம்' நனைந்த கோழியாக வந்து நின்றபோது கூடத்தில் நாற்பது எழுத்தர்கள் உட்கார்ந்திருந்தோம். கடிதத்தை எழுந்து நின்று சத்தமாகப் படித்தேன். பாதியில் துண்டால் கண்ணைத் துடைக்க உட்கார்ந்துவிட்டேன். மிச்சத்தைப் பக்கத்து ஊர் எழுத்தர் வாங்கிப் படித்தான். அவனும் நடுவில் ஒரு தடவை என் துண்டைக் கடன் வாங்கினான்.

படிவத்தை நேற்றே ஒப்படைத்துவிட்டேன். ஓடிப் போய் அதிகாரியிடம் ஒரு சொல்லை மாற்ற வேண்டும் என்றேன். "அடித்தல் திருத்தல் கூடாது. மாத்தணும்னா ஊர்ப் படிவம் முழுசையும் புதுசா எழுதணும்" என்றார். "எழுதறேன்" என்றேன். "ஒரு சொல்லுக்காகவா? அறுபத்து நாலு வீடுய்யா" என்றார். "அந்த ஒரு சொல்லுக்குப் பதினேழு வருஷம் காத்திருந்தேங்க, அறுபத்து நாலு வீடு எனக்கு எம்மாத்திரம்?" என்றேன். புதுக் கட்டு கொடுத்தார். இப்போது நாற்பத்தொன்றாவது வீட்டில் இருக்கிறேன். முடித்ததும் கிளம்பிவிடுவேன்.

பஸ்: பாலத்துக்கு அந்தப் பக்கம் வரை. போன்: தொட்டி மேல். எல்லாம் உள்ளது உள்ளபடி. செவிலியர் என்ற கட்டத்தில் மட்டும் போன தடவை எழுதியதையே எழுதினேன். குளியலறைக் கதவுக்கு உண்டு என்று போட்டிருக்கிறேன், பதறாதே. கீல் இரண்டும் என் பையில் இருக்கிறது. எங்கே, எப்படி, எவ்வளவு என்று உன் அம்மா கேட்டால் பித்தளை என்று சொல்.

நம் வீட்டுப் பக்கத்தைத்தான் முதலில் எழுதினேன். குழந்தைகள்: உண்டு. பேனாவை அழுத்தவே இல்லை. அதுவே எழுதிக்கொண்டது.

மாமா